வரதட்சணை வேண்டாம், பெண்ணைக் கொடுங்கள்: எல்லை தாண்டும் தரகுக் கல்யாணங்கள்

எல்லைக்கல் | வேலந்தாவளம்

மியான்மரிலிருந்து சீனாவுக்குப் பெண்களைக் கடத்திக்கொண்டுபோய்க் கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கும் தொழிலைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். 2011இல் அந்நாட்டின் கச்சின் மாநிலத்தில் ராணுவத்துக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே இருந்த போர்நிறுத்தம் முறிந்தது. ஊரை விட்டு ஓடிய குடும்பங்கள் சீன எல்லையோர முகாம்களில் ஒதுங்கின. தலைக்கு மேல் கூரை உண்டு, வருமானம் கிடையாது. அங்கே ஒருத்தி வருகிறாள். யாரோ எவரோ அல்ல. பல நேரம் சொந்தக்காரி, இல்லாவிட்டால் நெடுநாள் பழகிய தோழி. எல்லைக்கு அந்தப் பக்கம் நல்ல சம்பளத்தில் வேலை இருக்கிறது, நானே அழைத்துப் போகிறேன் என்கிறாள். வழியில் குடிக்கக் கொடுத்ததில் மயக்கம். விழித்தால் பூட்டிய அறை. வாங்கிய குடும்பங்கள் 3,000 டாலரிலிருந்து 13,000 டாலர் வரை கொடுத்திருக்கின்றன. தப்பி வந்த 37 பெண்களிடம் பேசி 2019இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. பிள்ளை பெற்றுக் கொடுத்தபின் போகலாம் என்று சில வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

இதை இங்கே எழுதக் காரணம், அந்தத் தரகர்கள் பேசும் பேச்சு எனக்குப் பழகிய பேச்சாக இருந்தது. பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் பெண் பத்தொன்பது, இருபதைத் தொட்டதும் தரகர் வந்துவிடுகிறார். நகை வேண்டாம், வரதட்சணை வேண்டாம், கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது, உங்கள் கைக்கும் கொஞ்சம் தருகிறோம். மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பெண்ணின் அப்பாவுக்கு அது விடுதலைப் பத்திரம் போல இருக்கிறது. கடையில் உட்கார்ந்து இந்தப் பேரங்களைக் காதால் கேட்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: இது எந்த இடத்தில் கல்யாணமாக இருந்து விற்பனையாக மாறுகிறது?

தாராபுரம் விவசாயி

நேராகவே சொல்லுங்களேன், எங்களைத்தானே சொல்கிறீர்கள்? எனக்கு முப்பத்தெட்டு வயது. அமராவதிப் பாசனத்தில் நிலம், தென்னை, இரண்டு கறவை மாடு. பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி மாப்பிள்ளை சென்னையிலா, பெங்களூரிலா என்பது. தோட்டத்தில் என்றால் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். இது என் ஒருவன் கதை அல்ல. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் மண்டியா பக்கத்து விவசாய இளைஞர்கள் பெண் கிடைக்க வேண்டி மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை போனார்கள், ஊரெல்லாம் சிரித்தது. 2021இல் தமிழ்நாட்டுப் பிராமணர் சங்கம் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேடப்போவதாக அறிவித்தது. அதை யாரும் கடத்தல் என்று சொல்லவில்லை. கொங்கு விவசாயி பாலக்காட்டில் பெண் எடுத்தால் மட்டும் சீனா, மியான்மர் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

என் பெரியப்பா மகன் நெம்மாறையில் பெண் எடுத்தான். அவன் வீட்டுக்கு வந்து பாருங்கள். அண்ணி எங்கள் எல்லோரையும் அதட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்.

ஓய்வு ஆசிரியர் | சித்தூர்

விவசாயி அவர்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெண் கிடைக்காததற்குத் தோட்டத்தை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று பெண் சிசுக்களை அழித்த வட்டாரங்கள் நம்மிடமே இருந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எதற்காக? கருவிலேயே பார்த்துக் கலைப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது எதற்காக? சீனாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 3.5 கோடி பேர் அதிகம். 2011 கணக்கெடுப்பில் ஹரியானாவில் ஆயிரம் ஆண்களுக்கு 879 பெண்கள், கேரளத்தில் 1,084. கணக்கு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எங்கே இல்லையோ அங்கே விலை ஏறும், எங்கே ஏழ்மையோ அங்கிருந்து சரக்கு கிளம்பும்.

சோகநாசினி

ஐயா, அந்த "சரக்கு" வேண்டாமே. நாங்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறோம். போகட்டும், நீங்கள் எந்தச் சித்தூர்? நான் பிறந்தது பாலக்காட்டுச் சித்தூர்.

ஓய்வு ஆசிரியர் | சித்தூர்

நான் ஆந்திரச் சித்தூர் அம்மா. தபால்காரருக்கே இந்தக் குழப்பம் தீர்ந்ததில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திரப் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்கிறேன். 1991இல் ஹைதராபாதிலிருந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அறுபது வயதுச் சவூதிக்காரர் கல்யாணம் செய்து விமானத்தில் கூட்டிப்போனார். குழந்தை அழுதுகொண்டே இருந்ததைக் கவனித்து விசாரித்தவர் விமானப் பணிப்பெண். டெல்லியில் இறங்கியதும் போலீஸ் வந்தது. அன்றைக்கு நாடே கொதித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2017 செப்டம்பரில், அதே ஹைதராபாதில் ஓமனையும் கத்தாரையும் சேர்ந்த எட்டுப் பேரையும், நிக்காஹ் செய்துவைத்த காஜிகளையும், விடுதிக்காரர்களையும் கைது செய்தார்கள். சங்கிலியைப் பாருங்கள்: தரகர், விடுதி, சடங்கு செய்பவர், கடைசியில் மாப்பிள்ளை. தரகரைப் பிடித்தால் மறுநாள் இன்னொரு தரகர் வருவார். அந்த முறை சடங்கு செய்தவரையும் பிடித்தார்கள் என்பதைத்தான் நான் குறித்து வைத்தேன்.

மலைச்சாரல் | பீர்மேடு

எங்கள் எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பம், போடி, தேனியிலிருந்து தரகர்கள் குமுளி வழியாக ஏறி வருகிறார்கள். கொழுந்து பறிக்கும் வேலையில் கிடைக்கும் கூலியில் மகளுக்கு ஐந்து பவுன் போடுவது கனவு. கேரளம் முழுவதும் தங்கம் கேட்கிறது. தங்கம் கேட்காத மாப்பிள்ளை எங்கிருந்து வந்தாலும் தெய்வம்.

மலப்புறத்து நிலம்பூரில் "மைசூர் கல்யாணம்" என்று ஒன்று பிரபலம். அங்கே வரதட்சணை கொடுக்க முடியாத வீடுகள் மகள்களைக் கர்நாடகத்துக்குக் கட்டிக்கொடுத்தன. பல பெண்கள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார்கள். 2009இல் நிலம்பூர் பஞ்சாயத்து வரதட்சணை இல்லாத ஊர் என்று இயக்கமே நடத்தியது. அவர்கள் மைசூர்த் தரகர்களைத் துரத்துவதில் மட்டும் நிற்கவில்லை. உள்ளூர்க்காரன் கேட்கும் வரதட்சணையில் கை வைத்தார்கள். எனக்கு அது சரியான இடத்தில் வைத்த கை என்று தோன்றுகிறது. உள்ளூர் மாப்பிள்ளை முப்பது பவுன் கேட்பதால்தான் வெளியூர்த் தரகர் வாயிலில் வந்து நிற்கிறார். நாம் எல்லோரும் வெளியூர்க்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

எல்லைக்கல் | வேலந்தாவளம்

மலைச்சாரல் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. தாராபுரத்து அண்ணி நன்றாக இருக்கிறார், நல்லது. நிலம்பூர்ப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். இரண்டுக்கும் தரகர் சொன்ன வசனம் ஒன்றே. கல்யாணத்துக்கு முன்பே வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

குப்பம் வழக்கறிஞர்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துவிடுகிறேன். அது போதாது என்பதையும் சொல்கிறேன்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு ஆள்கடத்தலைத் தண்டிக்கிறது. பலவந்தம், மிரட்டல், ஏமாற்று, பணம் கொடுத்துச் சம்மதிக்கவைத்தல், இவற்றில் ஏதாவது ஒரு வழியில், சுரண்டும் நோக்கத்தோடு ஆளைக் கொண்டுபோனால் குற்றம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது அங்கே செல்லாது. சிக்கல் "சுரண்டல்" என்பதன் பட்டியலில்: பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், அதை ஒத்த வழக்கங்கள், உறுப்பு பறித்தல் எல்லாம் இருக்கின்றன, கட்டாயக் கல்யாணம் பெயர் சொல்லி இல்லை. அடிமைத்தனத்தை ஒத்த வழக்கம் என்பதற்குள் இதைக் கொண்டுவர வேண்டும். அடிமை முறை ஒழிப்புக்கான 1956ஆம் ஆண்டின் ஐ.நா. துணை உடன்படிக்கை, மறுக்கும் உரிமை இல்லாத பெண்ணைப் பணத்துக்கோ பொருளுக்கோ கல்யாணம் செய்து கொடுப்பதை அந்த வகையில்தான் சேர்க்கிறது. இந்தியா அதில் ஒரு தரப்பு. ஆனால் விசாரணை நீதிமன்றத்தில் அந்த உடன்படிக்கையை எடுத்து வாதாடும் அரசு வழக்கறிஞரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்த ஒரு பெண்ணைக் கடத்துவதையோ தூண்டி அழைத்துப் போவதையோ தனியாகத் தண்டிக்கும் 87ஆவது பிரிவும் உண்டு. பத்தாண்டு வரை சிறை.

பெண் பதினெட்டு நிறையாதவளாக இருந்தால் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, ஏமாற்றியோ பலவந்தமாகவோ கொண்டுபோன, அல்லது கல்யாணத்துக்காக விற்கப்பட்ட சிறுமியின் கல்யாணம் பிறப்பிலிருந்தே செல்லாது. ரத்துச் செய்யச் சொல்லி அலைய வேண்டியதில்லை. இதை ஊரில் யாருக்கும் சொல்வதில்லை.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் பெண் வீட்டார் கொடுப்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு தரப்பு மறு தரப்புக்குக் கல்யாணத்தையொட்டிக் கொடுக்கும் எந்தச் சொத்தும் அந்த வரையறைக்குள் வரும். பெண்ணின் அப்பா கையில் வைக்கும் அந்தக் "கொஞ்சம்" இருக்கிறதே, அதையும் அதில் நிறுத்தி வாதாடலாம்.

தாராபுரம் விவசாயி

அப்படியென்றால் பரிசம் போட்டவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா? என் பாட்டிக்குப் பரிசம் போட்டுத்தான் கட்டினார்கள்.

குப்பம் வழக்கறிஞர்

உங்கள் பாட்டி பக்கத்து ஊர்க்காரர். கோபித்துக்கொண்டு சாயங்காலமே நடந்து அம்மா வீட்டுக்குப் போயிருப்பார். அண்ணன் தம்பிகள் மறுநாள் பஞ்சாயத்துக்கு வந்திருப்பார்கள். பணம் கைமாறியது என்பது மட்டும் இங்கே பிரச்சினை அல்ல. பணமும் கைமாறி, பெண்ணுக்குத் திரும்பும் வழியும் இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

சோகநாசினி

வழக்கறிஞர் சொன்ன இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனென்றால் நானே அப்படி வந்தவள். தரகர் மூலம், சித்தூரிலிருந்து காங்கயம் பக்கம். என் வீட்டுக்காரர் நல்லவர். இதைச் சொல்லாவிட்டால் அடுத்த பதிவில் யாராவது என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஆனால் வந்த புதிதில் எனக்கு என்னவெல்லாம் இல்லை என்று சொல்கிறேன். ஆதார் அட்டை மாமியார் பீரோவில். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும் என்று வாங்கினார்கள். கைப்பேசியை நான் கொண்டுவந்தேன். ரீசார்ஜ் என் கையில் இல்லை. பஸ் நிற்கும் இடம் தோட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். கையில் பணம் என்று எதுவும் கிடையாது, கேட்டால் "உனக்கு என்ன வேண்டும், சொல், வாங்கித் தருகிறோம்" என்பார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, பூட்டவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தபோதுதான், யாரிடமும் கேட்காமல் நான் போக முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்கு நெம்மாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எனக்காவது தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் இருந்தது. அவளுக்கு மலையாளம் மட்டும். கணவன் வீட்டில் சாப்பாடு, உப்பு, தண்ணீர் தாண்டி ஒரு வார்த்தை பேச ஆளில்லை. மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் சொல்லவில்லை. தரகரிடம் கேட்டபோது "சொன்னேனே, உன் அப்பாவுக்குத் தெரியுமே" என்றார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பெண் இதைச் சொல்லி அழுதது என் வீட்டுக் கிணற்றடியில். நான் ஒருத்திதான் அந்த வட்டாரத்தில் மலையாளம் தெரிந்தவள்.

எல்லைக்கல் அண்ணன் கேட்டது போலக் கல்யாணத்துக்கு முன்னால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியுமா என்றால், தரகரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. என் தரகரும் அவள் தரகரும் ஒரே ஆள்.

நடுவர்

தரகர்களின் பெயர், கைப்பேசி எண், ஊர் அடையாளம் எதையும் இங்கே போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் ஒரு குறிப்பிட்ட சாதிப் பெண்கள் "எளிதில் கிடைப்பார்கள்" என்று எழுதியிருந்தது. அதை எழுதியவர் இனி இந்த இழையில் எழுத முடியாது.

மலைச்சாரல் | பீர்மேடு

நன்றி. ஒரு எச்சரிக்கையையும் பதிவு செய்கிறேன். "பெண்ணைக் கடத்திக் கல்யாணம்" என்று காவல் நிலையங்களில் பதிவாகும் புகார்களில் எத்தனையோ, சாதி மாறிக் காதலித்து வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் மீது பெற்றோர் கொடுத்தவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் கல்யாணத்துக்காகக் கடத்தல் என்று ஆண்டுதோறும் பல்லாயிரம் வருவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தன் விருப்பத்தில் போனவளைக் கடத்தப்பட்டவள் என்று போலீஸ் தேடும். அப்பா கைகாட்டித் தரகரோடு அனுப்பியவளைப் பற்றி ஒரு வரி பதிவாகாது. வயது வந்த இருவர் கல்யாணத்தில் பஞ்சாயத்துகள் தலையிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் சொன்னது. தரகுக் கல்யாணத்தைத் தடுக்கக் "காவல்", "கண்காணிப்பு" என்று கிளம்பி, அது சாதிச் சங்கத்தார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுப் பேசுவோம்.

ஓய்வு ஆசிரியர் | சித்தூர்

சரியான எச்சரிக்கை. வாங்குகிறவன் பக்கமும் கொஞ்சம் திரும்புவோம். சீனச் சட்டத்தில் பெண்ணை விற்றவனுக்கு ஐந்தாண்டு முதல் மரண தண்டனை வரை உண்டு. வாங்கியவனுக்கு அந்தக் குற்றத்துக்காக அதிகபட்சம் மூன்றாண்டு. 2022 ஜனவரியில் ஜியாங்சு மாநிலத்து ஃபெங் வட்டத்தில் கழுத்தில் சங்கிலியோடு கொட்டகையில் கிடந்த எட்டுக் குழந்தைகளின் தாயின் காணொளி வெளியாகிச் சீனாவே கலங்கியது. அந்தப் பெண் யுன்னானிலிருந்து 1990களின் இறுதியில் கொண்டுவந்து விற்கப்பட்டவர். நாட்டு எல்லை தாண்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2023 ஏப்ரலில் கணவனுக்கு ஒன்பதாண்டு கிடைத்தது. அதுவும் கொடுமைப்படுத்தியதற்கும் அடைத்துவைத்ததற்கும். கடத்தி விற்றவர்களில் சிலருக்கு அதைவிட அதிகம் கிடைத்தது. வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே தண்டனை வேண்டும் என்று அங்கே பேராசிரியர்கள் வெளிப்படையாக வாதாடினார்கள்.

பாகிஸ்தானில் 2019இல் இன்னும் மோசம். சீன ஆண்களுக்கு மணப்பெண்களாக விற்கப்பட்டதாக 629 பெண்களின் பட்டியலை விசாரணை அதிகாரிகள் தொகுத்திருந்தார்கள். ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களே பெரும்பாலும். அதே ஆண்டு ஃபைசலாபாத் நீதிமன்றம் 31 சீனர்களை விடுதலை செய்தது. சாட்சி சொல்ல வேண்டிய பெண்கள் பலர் மிரட்டியோ பணம் கொடுத்தோ பின்வாங்க வைக்கப்பட்டார்கள் என்று செய்தி.

தாராபுரம் விவசாயி

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

போன மாதம் தரகர் வந்தார். கேரளப் பெண்கள் இப்போது வருவதில்லை, எல்லோரும் படித்து நர்ஸ் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்றார். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஏற்பாடு செய்கிறேன், திருப்பூர், பல்லடம் மில்களில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஊரிலிருந்தும் வரவழைக்கலாம் என்றார். மூன்று லட்சம். அதில் பெண் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதற்கு?" என்றார். படம் காட்டினார். அம்மா உடனே சரி என்றுவிட்டார். அம்மாவுக்கு எழுபது வயது; அடுப்படியில் நிற்க முடியவில்லை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குக் கல்யாணம் வேண்டும். யாரையும் விலைக்கு வாங்க வேண்டும் என்று நான் கிளம்பவில்லை.

எல்லைக்கல் | வேலந்தாவளம்

திட்டவில்லை. ஹரியானாவில் இப்படித்தான் நடந்தது. அஸ்ஸாம், வங்காளம், பீகார், ஒடிசாவிலிருந்து பெண்கள் போனார்கள். "பாரோ" (வெளியிலிருந்து வந்தவள்), "மோல்கி" (விலைக்கு வாங்கியவள்) என்று ஊரார் அவர்களுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். கண்ணூர்ப் பக்கத்து மலையாளிப் பெண்கள்கூட ஹிசார் மாவட்டக் கிராமங்களில் வாழ்கிறார்கள். நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கணவன் இறந்தால் நிலத்தில் பங்கில்லை என்று துரத்தப்பட்டவர்களும், தம்பிக்குக் கைமாற்றப்பட்டவர்களும் உண்டு. எல்லா வாங்குபவரும் உங்களைப் போலவேதான் ஆரம்பித்திருப்பார்கள்: நிலம் இருக்கிறது, அம்மாவுக்கு முடியவில்லை.

சோகநாசினி

விவசாயி அண்ணா, ஒன்றை நினைத்துப் பாருங்கள். "அது உங்களுக்கு எதற்கு" என்று தரகர் சொன்னார் அல்லவா? மூன்று லட்சத்தில் பெண் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதும், பெண்ணுக்கு என்ன சொல்லி அழைத்து வருகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவர் தொழில். மில் வேலை என்று சொல்லி அழைத்து வந்து உங்கள் வீட்டு வாசலில் இறக்கினால், கச்சின் முகாமில் நல்ல வேலை என்று சொன்னவளுக்கும் இந்தத் தரகருக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் நல்லவராக இருப்பது அந்தப் பெண்ணுக்கு ரயிலில் ஏறும்போது தெரியாது.

குப்பம் வழக்கறிஞர்

இதில் சட்டமும் உங்களை விடாது. ஏமாற்றி அழைத்துவரப்பட்டவள் என்று தெரிந்தே, அல்லது அப்படி நினைக்கக் காரணம் இருந்தும், பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்தினால் நியாய சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு இருக்கிறது. "நான் தாலி கட்டினேன்" என்பது அதற்குப் பதில் ஆகாது என்று வாதாடுவேன். நீதிபதி ஏற்பாரா என்பது வேறு. மில் விடுதிகளில் பதினெட்டு நிறையாதவர்களை இருபது என்று எழுதிவைக்கும் வழக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். அப்படி ஒரு பெண்ணாக இருந்தால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ சட்டம் வரும்.

தரகுத் தொழிலையே சில நாடுகள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. பிலிப்பைன்ஸ் 1990இலேயே வெளிநாட்டவருக்கு மணப்பெண் தேடித்தரும் வியாபாரத்தைத் தடை செய்தது. தென் கொரியாவில் 2010இல் வியட்நாமிலிருந்து வந்த மணப்பெண் ஒருவர் வந்து எட்டு நாளில் கணவனால் கொல்லப்பட்டார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் அந்தக் கணவர். அதன்பிறகு, மாப்பிள்ளையின் உடல்நிலை, குற்றப் பின்னணி, வேலை எல்லாவற்றையும் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தரகு நிறுவனங்களுக்கு விதி கடுமையாயிற்று. நெம்மாறைப் பெண்ணுக்கு நடந்ததை அந்த ஒரு விதி தடுத்திருக்கும். நம் நாட்டில் நிலம் விற்கும் தரகருக்குக்கூடப் பதிவு வந்துவிட்டது. கல்யாணத் தரகர் டைரி ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போகிறார்.

மலைச்சாரல் | பீர்மேடு

சட்டம் வரும்போது வரட்டும். ஏற்கெனவே கட்டிக்கொடுத்துவிட்ட பெண்களுக்கு என்ன வழி? என் லயத்திலிருந்து போன பெண் ஒருத்தி திரும்பி வந்தபோது, இங்கே புகார் வாங்கவில்லை; சம்பவம் தமிழ்நாட்டில், அங்கே போ என்றார்கள். அங்கே போனால், நீ இப்போது இருப்பது கேரளம் என்றார்கள்.

குப்பம் வழக்கறிஞர்

அப்படித் துரத்த முடியாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் முதல் தகவலைப் பதிவு செய்துகொண்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவே சொல்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில், பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். கணவன் வீட்டாரின் கொடுமைக்கு, அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ரூபாலி தேவி வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து அனுப்புங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இரு மாநிலத்திலும் உண்டு. கேரளத்தில் வார்டு அளவிலான கண்காணிப்புக் குழுவான ஜாக்ரதா சமிதியும், குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் ஸ்நேகிதா உதவி மையமும் இருக்கின்றன. நல்ல உறுப்பினர் கிடைத்தால் போலீஸைவிட வேகமாக நடக்கும்.

கல்யாணத்தைப் பதிவு செய்வதையும் விட்டுவிடாதீர்கள். கேரளத்தில் 45 நாளுக்குள், தமிழ்நாட்டில் 90 நாளுக்குள். எங்கே தாலி கட்டினார்களோ அங்கே பதிவு செய்யலாம். எல்லையோரக் கோயிலில் கட்டிவிட்டு இரண்டு பக்கமும் பதியாமல் விட்ட கல்யாணங்களில், ஜீவனாம்சம் கேட்டால் "இவள் என் மனைவியே இல்லை" என்பான்.

தாராபுரம் விவசாயி

தரகரிடம் இன்று காலை பேசினேன். பெண்ணின் அம்மாவோ அக்காவோ முதலில் வந்து என் வீட்டைப் பார்க்கட்டும், ரயில் செலவு என்னுடையது என்றேன். அப்படி வழக்கம் இல்லை என்றார். பெண்ணோடு நான் நேரில் தனியாகப் பேச வேண்டும் என்றேன். நானும் உடன் இருப்பேன், உங்களுக்கு அவள் பாஷை தெரியாதே என்றார். பணத்தைப் பெண் பேரில் வங்கியில் போடுகிறேன் என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அம்மா என்னோடு பேசவில்லை.

இன்னொரு தரகர் வருவார். அவரிடமும் இதையே கேட்கப்போகிறேன். அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

சோகநாசினி

மொழிபெயர்க்கத் தரகரை உட்கார வைக்காதீர்கள். திருப்பூரில் ஒடியா, இந்தி தெரிந்த பெண்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். உங்களுக்கும் தரகருக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தியைக் கூட்டிப் போங்கள், உங்கள் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். என்ன வேலைக்கு என்று சொல்லி உன்னை அழைத்து வந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் வயதைச் சொல்லுங்கள். தரகர் முப்பது என்று சொல்லியிருப்பார். அவளுடைய ஆதார் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு நீங்கள் வெளியே போய்விடுங்கள், அவர்கள் இருவரும் பேசட்டும். வேண்டாம் என்றால் அவளுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பணத்தோடு போங்கள்.

தாராபுரம் விவசாயி

பல்லடத்தில் அப்படி ஒருவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.